குரலைக் கடலுக்கு மிச்சம் வையுங்கள்

கன்னியாகுமரிக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டி வருகிற ஆசிரியர்களுக்கும், அவர்களை அனுப்பி வைக்கிற தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் ஆசிரியை இல்லை. 12ஆம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். படகுத்துறைக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. சங்கு, சிப்பி மாலை, பாசி, சாவிக்கொத்து, கலர் மணல் பாக்கெட், இந்த மாதிரிச் சாமான்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 17 வருஷமாக அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஐயப்ப பக்தர்கள் வருவதும் பள்ளிக்கூட டூர் வருவதும் எங்களுக்கு ஒரே சீசன், கார்த்திகை பிறந்தால் தை வரைக்கும் நிமிர நேரமிருக்காது. நீங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பஸ் பிள்ளைகளைக் கூட்டி வருவீர்கள். என் கடை முன்னால் ஒரு நாளைக்கே பத்துப் பதினைந்து பஸ் பிள்ளைகள் போகிறார்கள், ஒவ்வொரு கூட்டத்தோடும் ஒரு ஆசிரியர் கத்திக்கொண்டே போகிறார். அதை இத்தனை வருஷம் பார்த்தவள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒரே விஷயம். டூரில் பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவதை விட்டுவிடுங்கள். கத்தியே ஆக வேண்டிய ஒரு இடம் இருக்கிறது, அதற்காகவாவது மற்ற இடங்களில் விட்டுவிடுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் கடைசி வாரம். படகு டிக்கெட் வரிசை எங்கள் கடையையும் தாண்டி நீண்டு கிடந்தது. வடக்கே ஒரு மாவட்டத்திலிருந்து வந்த பள்ளிக்கூடம். 7ஆம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் காணவில்லை. கூட வந்த சார் ஒருவர் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே கடைத்தெருவில் மேலும் கீழுமாக ஓடினார். வெறுமனே கூப்பிட்டிருந்தால் பரவாயில்லை, "எங்க போய்த் தொலைஞ்ச, கையில கிடைச்சா இருக்கு உனக்கு" என்று சேர்த்துச் சேர்த்துக் கத்தினார். போலீஸில் சொல்லி, மைக்கில் அறிவித்து, முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. நான் தண்ணீர் கேன் எடுக்கக் கடைக்குப் பின்பக்கம் போனேன். தார்ப்பாய்க்கும் சுவருக்கும் நடுவில் அந்தப் பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வழி தெரியாமல் வந்து உட்காரவில்லை. தன் பெயரை அந்தக் குரலில் கேட்ட பிறகு ஒளிந்திருக்கிறது. சிப்பி மாலை பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் வரிசை நகர்ந்து போய்விட்டது, அது செய்த குற்றம் அவ்வளவுதான். "வா மக்கா, உன் சார் தேடுறாரு" என்று கையைப் பிடித்தேன். "சார் போனப்புறம் வாரேன் அக்கா" என்றது.

சார் போன பிறகு எங்கே வருவாள்? அந்த பஸ் கிளம்பிவிட்டால் அவளுக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? 12 வயசுப் பிள்ளைக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும், பாஷை புரிகிற ஊராக இருந்தாலும் ஆள் தெரியாத ஊரில், கடைக்குப் பின்னால் குப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அந்தக் குரலுக்குப் பக்கத்தில் போவதைவிட மேல் என்று அதற்குத் தோன்றியிருக்கிறது. இதை நான் எத்தனையோ ராத்திரி நினைத்துப் பார்த்திருக்கிறேன். தொலைந்துபோன பிள்ளை, தேடி வருகிற ஆளைக் கண்டு ஒளிகிறது என்றால், அந்தக் கத்தல் யாருக்காக?

அந்த சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது நியாயமில்லை. பிள்ளையைக் கண்டதும் கையை ஓங்கினார், ஓங்கிய கை அப்படியே நிற்க, கடை வாசல்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். 60 பிள்ளைகளுக்கு அவரும் இன்னொரு டீச்சரும்தான் வந்திருந்தார்கள். முந்தின ராத்திரி முழுக்க பஸ்ஸில் ஒரு கண் தூங்கவில்லை. ஏதாவது ஒன்று ஆகியிருந்தால் பேப்பரில் வருவது அவர் பெயர், வேலை போவது அவருக்கு. கெட்ட மனுஷர் இல்லை. பயந்துபோன மனுஷர். பயம் தொண்டை வழியாக வந்தது, ஆனால் கேட்ட பிள்ளைக்கு அது பயமாகக் கேட்கவில்லை, கோபமாகத்தான் கேட்டது.

அதனால் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், நடுநிலைக்கு 35 பிள்ளைக்கு ஒருவர் என்று இருக்கிறது. அது நாலு சுவரும் ஒரு கதவும் உள்ள வகுப்பறைக்குச் சொன்ன கணக்கு. மூன்று பக்கமும் கடல் இருக்கிற இடத்துக்கு அதே கணக்கில், சில சமயம் அதைவிடக் குறைத்தும், ஆள் அனுப்புகிறீர்கள். அப்புறம் அந்த இரண்டு பேர் தொண்டையால் 60 பேரைக் கட்டி இழுக்கப் பார்க்கிறார்கள். ஆள் போதாத குறையைக் குரலால் நிரப்ப முடியாது.

சரி, பிள்ளைகள் சேட்டை செய்கிறார்கள் என்கிறீர்களே, அது என்னவென்று கொஞ்சம் பார்ப்போம். எனக்குத் தெரிந்து பாதிச் சேட்டைக்குக் காரணம் டூர் போட்ட திட்டம்தான். சாயங்காலம் பஸ் ஏறி, ராத்திரி முழுக்க பாட்டு ஓடி, காலை 4:30 மணிக்கு இங்கே இறக்கிவிடுகிறீர்கள், சூரிய உதயம் பார்க்க. மேகமாக இருந்தால் அதுவும் இல்லை. பல் தேய்க்கவில்லை, சாப்பாடு இல்லை. கழிப்பறைக்குப் போக வரிசை, பெரிய பெண்பிள்ளைகள் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே நிற்கும். அதோடு படகு வரிசையில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். விவேகானந்தர் பாறைக்குப் போய் வந்து, காந்தி மண்டபம், காமராஜர் மண்டபம், மத்தியானத்துக்குள் சுசீந்திரம், பிறகு பத்மநாபபுரம் அரண்மனை, போகிற வழியில் மாத்தூர் தொட்டிப்பாலம், பொழுது இருந்தால் திற்பரப்பு. பெரியவர்களான நமக்கே இதில் பாதியில் எரிச்சல் வந்துவிடும். தூக்கமும் சாப்பாடும் இல்லாத பிள்ளை வரிசையில் முன்னால் நிற்கிறவனைத் தள்ளுகிறது, பதிலுக்கு அவன் தள்ளுகிறான், உடனே ஒரு கத்தல். இட்லி இரண்டு கொடுத்திருந்தால் அந்தத் தள்ளலே நடந்திருக்காது.

இன்னொரு பாதி, சேட்டையே இல்லை. தருமபுரி பக்கம், நாமக்கல் பக்கம் இருந்து வருகிற பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி முதல் தடவையாகக் கடலைப் பார்க்கும்போது என்ன செய்யும் தெரியுமா? ஓடும். அத்தனை பேரும் ஓடுவார்கள். சிலர் கத்துவார்கள், ஒரு பையன் சட்டையைக் கழற்றிச் சுழற்றியதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இத்தனை வருஷத்தில் சலிக்காத காட்சி அது ஒன்றுதான், கடையில் எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டுப் பார்ப்பேன். அந்த நேரத்தில் பின்னாலிருந்து "டேய் நாய்களா" என்று ஒரு சத்தம் வருகிறது பாருங்கள், அந்தப் பிள்ளைகள் முகம் அப்படியே சுருங்கிவிடும். வாழ்க்கையில் முதல் தடவை கடல் பார்த்த நாள் என்று நாளைக்கு நினைத்தால், அந்தச் சத்தத்தோடு சேர்த்துத்தான் நினைவு வரும்.

2024 டிசம்பர் 30 அன்று பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள், 77 மீட்டர் நீளம். அதற்குப் பிறகு ஒரு புதுக் கத்தல் சேர்ந்திருக்கிறது. காலுக்குக் கீழே கடல் தெரிவதைப் பார்த்துச் சில பிள்ளைகள் நடுவில் நின்றுவிடும், கால் எடுத்து வைக்க மாட்டார்கள். பின்னால் கூட்டம் தேங்கும், "நடந்து தொலையேன்" என்று சத்தம் போடுவார்கள். படகிலிருந்து திரும்பி வருகிற பிள்ளைகள் கடை முன்னால் நின்று ஒருத்தரை ஒருத்தர் கேலி பேசுவதிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். உறைந்து நிற்கிற பிள்ளை அடங்காத பிள்ளை இல்லையே. கையைப் பிடித்து, "என்னைப் பார், கீழே பார்க்காதே" என்றால் 77 மீட்டர் ஒரு நிமிஷம்.

இப்போது என் வீட்டுக் கதை. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பள்ளிக்கூடத்தின் பெயரும் ஊரும் சொல்லவில்லை.

என் மகன் 8ஆம் வகுப்பு படிக்கும்போது பத்மநாபபுரம் அரண்மனைக்கும் திற்பரப்புக்கும் ஒரு நாள் டூர் கூட்டிப் போனார்கள். அரண்மனைக்குள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், கறுத்து வழுவழுப்பான தரை, இருட்டான மரப்படிகள், அந்தக் காலத்தில் ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரை. நீளமான அந்த ஊட்டுப்புரையின் ஒரு கோடியில் நின்றுகொண்டு மறு கோடியில் நின்ற கூட்டுக்காரனைச் சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறான். அவ்வளவுதான். செய்தது தப்புத்தான், அங்கே வேறு ஆட்களும் இருந்தார்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவனுடைய டீச்சர், வெளியூர்க்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "இது என்ன உங்க கடப்புறமாலே? மீன் சந்தையா? எங்க கூட்டிட்டு வந்தாலும் புத்தி போகுதா பார்" என்று கத்தியிருக்கிறார்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த வார்த்தையின் வலி விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், கடப்புறம் என்றால் மீனவர்கள் குடியிருக்கிற கடற்கரை. என் அப்பா கடல் தொழில் செய்தவர், என் அண்ணன் இன்றைக்கும் சின்னமுட்டம் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகிறவன். நாங்கள் சத்தமாகத்தான் பேசுவோம். அலை இரைச்சலுக்கு மேலே, எஞ்சின் சத்தத்துக்கு மேலே, காற்று எதிரே அடிக்கும்போது ஐம்பது அடி தள்ளி நிற்கிறவன் காதில் விழுகிற மாதிரி பேசிப் பழகிய தொண்டை இது. அது மரியாதைக் குறைவு இல்லை. என் மகன் வீட்டில் பேசுகிற மாதிரியே அங்கே கூப்பிட்டிருக்கிறான். "மெதுவாப் பேசு மக்கா, இங்க சத்தம் எதிரொலிக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பதிலாக அவன் தாத்தாவையும் மாமாவையும் சேர்த்து, ஒரு அரண்மனை நிறைய ஆட்களுக்கு முன்னால் நிறுத்தி ஏசிவிட்டார்கள். சத்தம் போடக்கூடாது என்று சொல்ல அவனைவிடப் பெரிய சத்தம் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் இந்த மடலை எழுதக் காரணம். அன்றைக்கு மத்தியானம் திற்பரப்பில் குளிக்கும்போது பாறை இடுக்கில் கிடந்த ஏதோ கண்ணாடி அவன் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. ஒருவரிடமும் சொல்லவில்லை. கைக்குட்டையைச் சுற்றிக் கட்டி, அதன் மேலே செருப்பைப் போட்டு, பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறான். ராத்திரி 8 மணிக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் உள்ளே ரத்தம் உறைந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் 6 தையல். டாக்டர் கேட்டார், ஏன் இவ்வளவு நேரம், கூட டீச்சர் யாரும் வரவில்லையா என்று. வந்தார்கள். அதே பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தார்கள். "சொன்னா திரும்பவும் எல்லார் முன்னாடியும் ஏசுவாங்கம்மா" என்றான்.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். டூரில் ஒரு ஆசிரியருடைய முதல் வேலை என்ன? பிள்ளைக்கு ஒன்று என்றால் அது உங்களைத் தேடி ஓடி வர வேண்டும். காலில் வெட்டு, வயிற்று வலி, யாரோ ஒரு ஆள் கூட்டத்தில் தொடக்கூடாத இடத்தில் தொட்டான், பணம் தொலைந்தது, மாத்திரை கொண்டு வர மறந்துபோனது, எதுவாக இருந்தாலும். ஒரு தடவை எல்லார் முன்னாலும் அவமானப்பட்ட பிள்ளை அந்த ஓட்டத்தை நிறுத்திவிடும். நீங்கள் கத்தியது ஒருவனைப் பார்த்துத்தான், ஆனால் கூட நின்ற 40 பேரும் அதைக் கேட்டு ஆளுக்கொரு கணக்குப் போட்டுக்கொள்வார்கள், இவரிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று.

என் அண்ணன் மகள் திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறாள். அவள்தான் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை எனக்குப் படித்துக் காட்டினாள். உடலைத் தண்டிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்தே அது தடை செய்கிறது. மனத் துன்புறுத்தல் என்றால் எது எது என்று தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் வழிகாட்டு நெறிமுறையில் எழுதியிருக்கிறது, பட்டப்பெயர் வைப்பது, கேவலமான வார்த்தையால் திட்டுவது, பெற்றோர் செய்கிற தொழிலையும் சாதியையும் சொல்லி இழிவுபடுத்துவது எல்லாம் அதில் வருகிறது. 'மீன் சந்தையா' என்று கேட்டது அதில் எங்கே வரும் என்று உங்களுக்கே தெரியும். நான் வழக்குப் போடவில்லை, போடப் போவதும் இல்லை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டி பஸ் ஏறிவிட்டால் அந்தச் சட்டம் இறங்கிக்கொள்வதில்லை என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

அப்படியானால் எப்போதுமே குரலை உயர்த்தக்கூடாதா? உயர்த்த வேண்டும். அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் கடலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், ஆனால் திடீரென்று ஒரு அலை வழக்கமான இடத்தைத் தாண்டி வந்து ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். கள்ளக்கடல் என்று சொல்வோம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தெற்கே பெருங்கடலில் எங்கேயோ அடித்த புயலின் அலை, இங்கே சத்தமில்லாமல் வந்து சேர்வது. இப்போது ஹைதராபாத்தில் இருக்கிற பெருங்கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. 2024 மே 6 அன்று அப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நாளில்தான் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. படித்த, வளர்ந்த பிள்ளைகள். 

இங்கே குரல் வேண்டும். ஒரே ஒரு வார்த்தை, "நில்!" அல்லது "மேலே வா!". அந்தக் குரலுக்கு அத்தனை பிள்ளையும் திரும்ப வேண்டும், யோசிக்காமல், அந்த நொடியே. திரும்புவார்களா? காலையிலிருந்து வரிசைக்கு ஒரு கத்தல், சட்டை மடிப்புக்கு ஒரு கத்தல், ஐஸ்கிரீம் வாங்கியதற்கு ஒரு கத்தல் என்று கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன பிள்ளைக்கு உங்கள் ஆபத்துக் குரலும் இன்னொரு கத்தல்தான். ஒரு பையன் கூட்டுக்காரனிடம் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன், "அவரு அப்படித்தான்டா, கத்திட்டே இருப்பாரு". சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்து நடந்தான்.

அதற்கு நேர் எதிராக ஒன்றும் பார்த்தேன். ஒரு மெலிந்த மனுஷர், தலை நரைத்தவர், ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து 40 பிள்ளைகளோடு வந்திருந்தார். காலையிலிருந்து அவர் குரல் ஒரு தடவைகூட எங்கள் கடை வரைக்கும் கேட்கவில்லை, பிள்ளைகளை எட்டு எட்டுப் பேராகப் பிரித்து ஆளுக்கொரு தலைவனோ தலைவியோ வைத்திருந்தார், அவர் கையைத் தூக்கினால் தலைவன் கையைத் தூக்குவான், கூட்டம் நின்றுவிடும். முக்கடல் சங்கமத்துப் படிக்கட்டில் பிள்ளைகள் கால் நனைத்துக்கொண்டு நின்றபோது தூரத்தில் ஒரு அலை வித்தியாசமாக எழும்பி வருவதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். "ஏறு!" என்றார். ஒரே சத்தம், அந்த ஒடிந்த உடம்பிலிருந்தா வந்தது என்று எனக்கே தூக்கிவாரிப்போட்டது. 40 பிள்ளையும் மேலே நின்றார்கள். அலை வந்து அவர்கள் நின்ற படியைக் கழுவிக்கொண்டு போனது. அதுவரைக்கும் அந்தக் குரலைக் கேட்டிராத பிள்ளைகள், அதனால்தான் கேட்டதும் ஏறினார்கள்.

என் அப்பாவிடமும் இந்தப் பழக்கம் இருந்தது. கரையில் அவர் ஏச்சுக்குத் தெருவே நடுங்கும். ஆனால் வள்ளத்தில் ஏறிவிட்டால் யாரையும் ஏச மாட்டார், கூட வருகிற சின்னப் பையன் வலையைச் சிக்கலாக்கிவிட்டாலும். அண்ணன் முதல் தடவை கூடப் போய் நங்கூரக் கயிற்றைத் தவற விட்டுவிட்டான், பயந்துபோய்த்தான் திரும்பி வந்தான், அப்பா வழி முழுக்க ஒன்றும் சொல்லவில்லையாம். கரைக்கு வந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்ட பிறகு கூப்பிட்டு உட்கார வைத்துக் கயிறு கட்டிக் காட்டினார். ஏன் அங்கேயே திட்டவில்லை என்று அம்மா கேட்டதற்கு, "கடல்ல வச்சு ஏசினா பயலுக்கு கை நடுங்கும், நடுங்கின கை அவனையும் கொல்லும் என்னையும் கொல்லும்" என்றார்.

தப்பு செய்த பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. பஸ்ஸுக்குப் போன பிறகு, அல்லது ஊர் திரும்பிய மறுநாள், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அதுவரை பொறுக்க முடியாத தப்பாக இருந்தால், கூட்டத்திலிருந்து நாலு அடி தள்ளிக் கூட்டிப் போய், அவன் உயரத்துக்குக் குனிந்து, மெதுவாகச் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் கடுமை குறையும் என்று யார் சொன்னது? நன்றாகத் தெரிந்த டீச்சர் காதுக்குப் பக்கத்தில் தணிந்த குரலில், "நீ இப்படிச் செய்வேன்னு நான் நினைக்கவே இல்ல" என்றால் அதைவிடக் கடுமை எந்தக் கத்தலில் இருக்கிறது? அந்த நாள் முழுக்க அவனை உங்கள் பக்கத்திலேயே நடக்க வையுங்கள், அதுவே போதுமான தண்டனை. ரொம்பவும் அடங்காதவன் கையில் முதலுதவிப் பெட்டியைக் கொடுத்து, எண்ணிக்கை எடுக்கிற பொறுப்பையும் கொடுத்துப் பாருங்கள், சில ஆசிரியர்கள் அப்படிச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு டீச்சர் விசில் வைத்திருப்பார், நீளமாக ஊதினால் நிற்க வேண்டும், இரண்டு தடவை ஊதினால் எல்லாரும் ஒரே இடத்தில் சேர வேண்டும், அதைப் பள்ளிக்கூட மைதானத்திலேயே ஒரு வாரம் பழக்கிவிட்டுத்தான் கூட்டி வருவாராம். எல்லாவற்றையும்விட, பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் பேசுங்கள். கடலில் ஏன் இறங்கக்கூடாது, மாத்தூர் தொட்டிப்பாலம் 100 அடிக்கு மேல் உயரம், அதன் கைப்பிடிச் சுவரில் ஏன் ஏறக்கூடாது, பேச்சிப்பாறை அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் திற்பரப்பில் என்ன ஆகும். காரணம் தெரிந்த பிள்ளை ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள்.

"அடியாத மாடு படியாது, நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம்" என்று சொல்வீர்கள். நானும் வாங்கினேன். அதனால் நான் எதையும் கற்றுக்கொண்டதாக நினைவில்லை, எந்த டீச்சரிடம் எதை மறைக்க வேண்டும் என்பதைத் தவிர. இப்போதைய பிள்ளைகள் எதிர்த்துப் பேசுகிறார்கள், ஒரு வார்த்தை சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள், கையைக் கட்டிப்போட்டுவிட்டு எங்களை மேய்க்கச் சொல்கிறீர்கள் என்று நீங்கள் வருத்தப்படுவதும் எனக்குத் தெரியும், கடையில் நின்று என்னிடமே எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. எங்களைப் போன்ற பெற்றோர்களும் மாற வேண்டும், டூர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை, பிள்ளைக்கு ஆஸ்துமா என்பதைக்கூட எழுதிக் கொடுப்பதில்லை, பிறகு ஒன்று ஆனால் மட்டும் கும்பலாக வருகிறோம். ஆனால் பெற்றோர்மேல் இருக்கிற கோபத்தைக் கடற்கரையில் வைத்துப் பிள்ளையிடம் தீர்க்காதீர்கள்.

குரலை உயர்த்த இன்னொரு இடமும் இருக்கிறது, அங்கேதான் நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள். 2007 பிப்ரவரியில் கேரளாவில் தட்டேக்காட்டில் பெரியாற்றில் டூர் போன படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2024 ஜனவரியில் குஜராத்தில் வதோதரா ஹர்ணி ஏரியில் 12 பிள்ளைகள், 2 ஆசிரியைகள். இரண்டிலும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு. 2022 அக்டோபரில் கேரளாவின் வடக்கஞ்சேரியில் ராத்திரியில் கண்மண் தெரியாத வேகத்தில் போன டூர் பஸ் அரசு பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் போனார்கள், அதில் 5 பேர் பள்ளிப் பிள்ளைகள், ஒருவர் அவர்களுடைய ஆசிரியர். இதில் எந்த ஒன்றிலாவது பிள்ளைகள் சேட்டை செய்து நடந்ததா? படகுக்காரரிடம் "இத்தனை பேர் ஏற மாட்டோம்" என்று சத்தம் போடுங்கள். உயிர்காப்பு அங்கி ஒன்று குறைந்தாலும் சத்தம் போடுங்கள். டிரைவரிடம், "தம்பி, 60க்கு மேலே போகாதே, தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்து" என்று சத்தம் போடுங்கள். டூர் ஏஜெண்டு ஒரே நாளில் எட்டு இடம் காட்டுகிறேன் என்றால் அவரிடம் சத்தம் போடுங்கள். கடல் சீற்றத்தால் படகை நிறுத்தினால், டிக்கெட் எடுத்தாச்சே என்று அதிகாரியிடம் சண்டை போடாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போங்கள். பதில் பேச முடியாத 12 வயசுப் பிள்ளையிடம் அந்தக் குரலைச் செலவழித்துவிட்டு, பதில் பேசக்கூடிய பெரியவர்களிடம் சிரித்துக்கொண்டு போகிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

கார்த்திகை நெருங்குகிறது. இன்னும் கொஞ்ச நாளில் பஸ்கள் வர ஆரம்பித்துவிடும். எங்கள் கடைக்குப் பின்னால், அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தை ஒதுக்கி, ஒரு பெஞ்சும் குடிதண்ணீர் கேனும் போட்டிருக்கிறேன், பக்கத்துக் கடைக்காரர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், தனியாக நிற்கிற பள்ளிப் பிள்ளை யாரைக் கண்டாலும் இங்கே கூட்டி வரும்படி. காலையில் வந்ததும் உங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர், பஸ் நிற்கிற இடம், உங்கள் போன் நம்பர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், ஒன்றும் வாங்க வேண்டாம். உங்கள் பிள்ளை ஒன்றைக் காணவில்லை என்றால் பெயரைக் கத்திக்கொண்டு ஓடாமல் முதலில் இங்கே வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
படகுத்துறை வழியில் சங்குக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா,
கன்னியாகுமரி